கணினியின் மந்தமும் இயங்குதளத்தின் தேர்வும்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியன்று, பத்தாண்டுக் காலம் உலகெங்கும் வீடுகளிலும் கடைகளிலும் உழைத்து வந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. பெயர் பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் நீட்டிக்கப்பட்டன. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, 4 ஜி.பி. நினைவகத்தையும் 64 ஜி.பி. சேமிப்பிடத்தையும் கேட்பதோடு நில்லாமல், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும், இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் கட்டாயமாக்கிவிட்டபடியால், 2017-க்கு முன் வாங்கிய யந்திரங்கள் அநேகமாக யாவும் அதற்குத் தகுதியற்றவை ஆயின. மும்பையின் தாராவியில் தோல்பை வியாபாரியின் மேஜைமேல் இருப்பதும், மாட்டுங்காவில் ஓய்வூதியக்காரர் ஒருவர் அயல்நாட்டுப் பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேச உபயோகிப்பதும், செம்பூரில் அண்ணனிடமிருந்து தங்கைக்கு வந்து சேர்ந்த மடிக்கணினியும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவையே. ஏற்கெனவே மந்தமாய் இயங்கும் அவற்றைக் கழித்துவிட்டுப் புதிது வாங்குவதுதான் வழி என்று கடைக்காரரும் சொல்கிறார். வீட்டிலுள்ள இளைஞர்களும் சொல்கிறார்கள்.

இந்த யோசனையை ஏற்பதற்கு முன், மந்தம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தல் அவசியம். பத்து வருஷத்துக்கு முன் விநாடிக்கு இருநூறு கோடித் துடிப்புகளோடு வேலை செய்த செயலி, சூடேறாமல் இருக்கும்வரை, இன்றும் அதே துடிப்புகளோடுதான் வேலை செய்கிறது. யந்திரத்தின் சக்தி அப்படியே இருக்க, அதன்மேல் ஏறிய பாரம் மட்டும் வருஷந்தோறும் கூடிவந்திருக்கிறது. அந்தப் பாரத்தில் பெரும் பங்கு, வேறெந்த வேலையையும் நாம் தொடங்குமுன்பே யந்திரத்தை ஆக்கிரமித்துக்கொள்ளும் இயங்குதளத்தினுடையது.

இயங்குதளம் எதற்காக ஏற்பட்டது என்பதை அறிய மும்பையின் சரித்திரமே போதுமானது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்தவரான ஆர். நரசிம்மன் தலைமையில் இளம் விஞ்ஞானிகள் தாமே வடிவமைத்துக் கட்டிய டிஃப்ராக் என்னும் கணினி, 1960 பிப்ரவரியில் முழு உபயோகத்துக்கு வந்தது; 1962-இல் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் நேரு. அதன் நினைவகம் 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்களைத் தாங்கியது. இன்றைய கணக்கில் அது 10 கே.பி. மட்டுமே. இப்போது போதாதென்று நாம் ஒதுக்கும் 4 ஜி.பி. நினைவகம் அதைப்போல் நான்கு லட்சம் மடங்குக்கும் மேற்பட்டது. அந்த யந்திரத்தில், இன்று நாம் பொருள்கொள்ளும் வகையில் இயங்குதளம் என்று ஒன்று இருந்ததில்லை. ஒரு சமயத்தில் ஒரே கணக்கு, அந்தக் கணக்குக்கே முழு யந்திரமும் என்பதுதான் ஏற்பாடு. 1964-இல் அதே நிலையத்துக்கு சி.டி.சி. 3600 என்னும் பெரிய கணினி வந்து, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் துளையிட்ட அட்டைகளில் தங்கள் கணக்குகளை அனுப்பத் தொடங்கியபோது, நிலைமை மாறிற்று. அத்தனை கிரயம் கொடுத்து வாங்கிய யந்திரம் ஒரு க்ஷணமும் சும்மா இருக்கலாகாது. ஒருவர் வேலை முடிந்ததும் மற்றவர் வேலையைத் தானே எடுத்து, நினைவகத்தில் ஏற்றி, அச்சுப்பொறியை ஒப்படைத்து, கணக்குத் தவறி நின்றால் அதை விலக்கி அடுத்ததற்குச் செல்லும் ஒரு நிரந்தர நிர்வாகி வேண்டும் என்ற தேவை அப்போது எழுந்தது. அத்தகைய நிர்வாக நிரலின் வழிவந்தவைதான் இன்றைய விண்டோஸும் லினக்ஸும். பற்றாக்குறையான செல்வத்தைப் பலருக்குப் பங்கிடுவதே அதன் ஆதி தர்மம். ஆனால் நினைவகம் மலிவாகி வந்த அரை நூற்றாண்டில், பங்கிட வந்த நிரலே முதற்பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை அடைந்தது. அதன் விளைவைத்தான் பழைய யந்திரங்களின் சொந்தக்காரர்கள் இன்று அநுபவிக்கிறார்கள்.

அந்த விளைவின் ஸ்வரூபத்தைச் சற்று விஸ்தாரமாகவே பார்க்கவேண்டும். வேகத்தைப் பற்றிய மற்றெல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. செயலிக்கு வேண்டிய ஒரு தகவல் ரேம் எனப்படும் நினைவகத்தில் இருந்தால், அதை எடுக்க ஏறத்தாழ ஒரு விநாடியின் ஒரு கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத சேமிப்பகத்தில் இருந்தால், பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சுழலும் தட்டுகளையுடைய பழைய ஹார்டு டிஸ்கிலோ, படிக்கும் ஊசி நகர்ந்து உரிய வளையத்தை அடைந்து, தட்டும் உரிய இடத்துக்குச் சுழன்று வரவேண்டியிருப்பதால், நூற்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் அதிகம். இந்தச் சிறு அளவுகள் யாவும் மனித உணர்வுக்கு எட்டாதவை ஆகையால், ரேமின் தாமதத்தை ஒரு விநாடி என்று பெருக்கிக்கொள்வோம். மாட்டுங்காவில் சமையலறையில் நிற்கும் ஒருவர் கைக்கெட்டிய அலமாரியிலிருந்து கடுகு டப்பாவை எடுக்கும் நேரம் அது. அதே அளவில் எஸ்.எஸ்.டி.க்குப் போவது பதினேழு நிமிஷம். கீழே இறங்கி மார்க்கெட்டுக்குச் சென்று வாங்கிவந்துவிடலாம். ஹார்டு டிஸ்குக்குப் போவதோ இருபத்தெட்டு மணி நேரம். கடுகுக்காக மும்பையில் ரயிலேறிச் சென்னையில் போய் இறங்குவதற்குச் சமானம்.

இப்போது 4 ஜி.பி. நினைவகமுள்ள ஒரு யந்திரத்தை எண்ணிப் பாருங்கள். விண்டோஸ் எழுந்து உட்கார்ந்த உடனேயே ஏறத்தாழ பாதி இடம் நிரம்பிவிடுகிறது. வைரஸ் தடுப்பு, மேகச் சேமிப்பு, அச்சுப்பொறியின் உதவி நிரல் ஆகியவை இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. பிறகு உலாவியில் பத்துப் பக்கங்கள் திறக்கப்படுகின்றன. இடம் தீர்ந்ததும் இயங்குதளம், அப்போது உபயோகத்தில் இல்லாத தகவல்களை ஹார்டு டிஸ்கில் இறக்கி வைத்து, கேட்கும்போது மறுபடி ஏற்றிக் கொடுக்கிறது. 1962-இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினியில் முதன்முதலாகக் கையாளப்பட்ட இந்த யுக்தி, அளவோடு இருக்கும்வரை அற்புதமான சாதனம். அளவு மீறினாலோ, இறக்கியதை ஏற்றவும் ஏற்றியதை இறக்கவுமே பொழுது முழுவதும் சரியாகிவிடுகிறது. செயலி வேலையின்றிக் காத்திருக்க, தட்டு ஓயாமல் சுழல, திரை அசையாமல் நிற்கிறது. ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த நிலைமையைத்தான். யந்திரம் வேலை செய்யத் தயாராக இருந்தும், அதன் கைக்குப் பொருள் வந்து சேராமையே இங்கே நோய்.

ஆகையால் பணம் செலவழிப்பதற்கு முன் அளந்து பார்ப்பது முதற்காரியம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டே அரை மணி நேரம் அதைக் கவனிக்கவேண்டும். நினைவகம் எந்நேரமும் முக்கால் பங்குக்கு மேலே நின்று, டிஸ்கும் நூறு சதவிகிதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், மேலே சொன்ன ஏற்றி இறக்கும் வியாதி என்று நிச்சயிக்கலாம். நினைவகத்தில் இடமிருந்தும் டிஸ்க் மட்டும் திணறினால், தட்டே குறை. செயலி முழு வேலையில் இருக்கும்போதும் அதன் வேகம், பெயரில் எழுதியுள்ள கிகாஹெர்ட்ஸ் கணக்கைவிட வெகுவாய்க் கீழே இறங்கி நின்றால், சூட்டைச் சந்தேகிக்கவேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தை மும்பையில் விசேஷமாய்க் கவனிக்கவேண்டும். கடற்காற்றின் ஈரமும், நான்கு மாத மழைக்காலத்தின் புழுக்கமும், நெருக்கமான தெருக்களின் தூசியும் சேர்ந்து, மின்விசிறிக்கு முன்னால் உள்ள உலோகத் தகடுகளின் இடையே கம்பளிபோல் படிந்துவிடுகின்றன. தாராவியில் தகரக் கூரைக்குக் கீழே மாடியறையில் இயங்கும் கணினிக்குக் கோடைப் பகலில் வெளிக்காற்றே வெப்பமாயிருக்கிறது. செயலி தன் வெப்ப எல்லையை நெருங்கியதும், வெந்துபோகாமல் தற்காத்துக்கொள்ளத் தன் துடிப்புகளைத் தானே குறைத்துக்கொள்ளும். எந்த இயங்குதளத்தை மாற்றினாலும் அந்த மந்தம் நீங்காது. தூசியைக் காற்றடித்து நீக்கி, செயலிக்கும் தகட்டுக்கும் இடையில் காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றச் சிறிய செலவுதான் ஆகும். வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் ஓய்ந்தபின் இதைச் செய்வது நல்லது.

மற்ற இரண்டு நோய்களுக்கும் கிராண்ட் ரோடு பகுதியில் லாமிங்டன் ரோடு என்று எல்லாரும் அழைக்கும் கடைவீதியில் மருந்து கிடைக்கிறது. கையிலிருக்கும் தொகை ஒன்றுக்குத்தான் போதுமென்றால், முதலில் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருபத்தெட்டு மணி நேரத்தைப் பதினேழு நிமிஷமாக்கும் மாறுதல் வேறெதிலும் கிடைக்காது. நினைவகம் போதாமல் தகவல்களை இறக்கி ஏற்றும்போதுகூட அந்தப் பிரயாணம் நூற்றில் ஒரு பங்காய்ச் சுருங்கிவிடுகிறது. வீட்டு உபயோகத்துக்கு 256 ஜி.பி. போதும். அதற்கடுத்தபடி ரேமை 8 ஜி.பி.யாக உயர்த்தலாம், ஆனால் பழைய ரேமின் வகை டி.டி.ஆர். 3-ஆ, 4-ஆ என்பதைப் பார்த்து வாங்கவேண்டும், ஒன்று மற்றொன்றின் இடத்தில் பொருந்தாது. சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், மாற்ற இடமே இராது.

பணமே செலவில்லாத பரிகாரங்களும் சில உண்டு. கணினி விழிக்கும்போதே தாமும் விழித்துக்கொள்ளும் நிரல்களில் வேண்டாதவற்றை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் நிறுத்திவைக்கலாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதுமாயிருக்க, அதன்மேல் ஒன்றுக்கு இரண்டாக வைரஸ் தடுப்புகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பையும் இருவர் சோதிக்கச் செய்வதில் பிரயோஜனமில்லை. டிஸ்கில் ஐந்தில் ஒரு பங்கு இடமாவது காலியாக இருக்கட்டும். சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக்மென்டேஷன் என்ற பழைய வித்தை சுழலும் தட்டுக்குத்தான் நன்மை தருவது, எஸ்.எஸ்.டி.யில் அது வெறும் தேய்மானம். ஒரே அழுத்தில் ‘ரேமைச் சுத்தம் செய்கிறேன்’, ‘ரெஜிஸ்ட்ரியைத் துடைக்கிறேன்’ என்று விளம்பரம் செய்யும் நிரல்களை வீட்டுக்குள் விடவே வேண்டாம். இயங்குதளம் வேண்டுமென்றே நினைவகத்தில் முன்னேற்பாடாய் வைத்திருப்பதை அவை வெளியே எறிகின்றன. அடுத்த நிமிஷமே அதை மறுபடி டிஸ்கிலிருந்து கொண்டுவரவேண்டியிருக்கிறது.

‘ஃபார்மட் அடித்துத் தருகிறேன்’ என்னும் கடைவீதி வைத்தியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாய்ப் பதிப்பதால், சேர்ந்திருந்த குப்பை போய்ச் சில மாதங்களுக்கு வேகம் தெரிவது உண்மையே. ஆனால் பல இடங்களில் இப்படிப் பதியப்படுவது பூட்டு உடைத்த பிரதி. அது தெரிந்துவிடாதிருக்கப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் வாசலையும் அடைத்துவிடுகிறார்கள். திருத்தம் வராத இயங்குதளத்தால் என்ன நேரும் என்பதை மும்பை கண்கூடாகக் கண்டிருக்கிறது. 2017 ஜூன் 27-ஆம் தேதி உக்ரைனில் கிளம்பிய நாட்பெட்யா என்னும் நாசநிரல், மெர்ஸ்க் என்ற உலகப்பெரும் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை வீழ்த்தியபோது, மும்பைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய சரக்கு முனையமும் ஸ்தம்பித்தது. அந்த நிரல் பரவ உபயோகித்த ஓட்டைகளுள் ஒன்றுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில், திருத்தம் வெளியாகியிருந்தது. கடவுச்சொற்களைத் திருடி அது திருத்தம் பெற்ற யந்திரங்களுக்கும் தாவியது என்பது வேறு விஷயம். வங்கிக் கணக்கையும் ஆதார் பிரதியையும் வைத்திருக்கும் வீட்டுக் கணினிக்கு, வேகத்தைக் காட்டிலும் இந்தத் திருத்தங்களே முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதில் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டாகச் சுருங்குகின்றன: இந்த யந்திரத்தில் எதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும்? இந்த வீட்டின் வேலை எதில் நடக்கும்? தாராவித் தோல் வியாபாரி டாலியில் கணக்கு எழுதி, டிஜிட்டல் கையொப்பச் சாவியைச் செருகி ஜி.எஸ்.டி. கணக்குகளைத் தாக்கல் செய்கிறவர் என்றால், அவருக்கு விண்டோஸைவிட்டு விலகும்படி நான் ஆலோசனை கூறமாட்டேன். அவர் யந்திரம் விண்டோஸ் 11-க்குத் தகுதியானதாயின் அதற்கு மாறவேண்டும். தகுதியற்றதாயின், நிபந்தனைகளை ஏமாற்றி ஏற்றும் குறுக்கு வழிகளை நம்புவதைவிடத் தகுதியான பழைய யந்திரம் ஒன்றை வாங்கிவிடுவது மேல். பழைய தமிழ் எழுத்துருக்களில் திருமணப் பத்திரிகை அச்சுக்கோத்துக் கொடுப்பவர்க்கும் இதுவே பொருந்தும். அவருடைய பல வருஷத்துக் கோப்புகள் விண்டோஸ் நிரல்களோடு பின்னிக் கிடக்கின்றன.

மாட்டுங்காப் பெரியவரின் நிலைமை வேறு. மின்னஞ்சல், செய்தித்தாள், யூடியூபில் கச்சேரி, பேரப்பிள்ளைகளோடு பேச்சு, வங்கி இவை யாவும் உலாவிக்குள்ளேயே முடிந்துவிடுவன. அவருக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைத் தாராளமாய்ச் சிபாரிசு செய்யலாம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் ஃபின்லாந்து மாணவர் தொடங்கி, உலகம் முழுவதும் பலர் கூடி வளர்த்த லினக்ஸ் கருவின்மேல் கட்டப்பட்டது இது, விலை இல்லை, 2 ஜி.பி. நினைவகத்திலும் எழுந்து நிற்கும், 4 ஜி.பி.யில் சௌகரியமாய் இருக்கும். 2024-இல் வெளியான 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். இன்னும் எளிய யந்திரத்துக்கு லுபுண்டு என்னும் லினக்ஸ் வகை உண்டு. செம்பூர் மாணவிக்கு இரண்டும் தேவைப்படலாம், ஒரே எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸும் லினக்ஸும் அருகருகே குடியிருந்து, விழிக்கும்போது எது வேண்டுமென்று கேட்கும்படி அமைக்கலாம். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் யந்திரங்களிலும் விண்டோஸோடு, சி-டாக் என்னும் அரசு ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இவ்வாறே சேர்ந்து வந்தது. அதை விரும்பித் திறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மகிழ்ச்சியான பதில் வராது. யந்திரத்தைக் கொடுத்த வேகத்தில் கற்பிக்கும் ஏற்பாடு வரவில்லை. கேரளத்துப் பள்ளிகள் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்து லினக்ஸைப் பாடத்தோடு பிணைத்தபடியால், அங்கே அது நிலைபெற்றது.

லினக்ஸில் தமிழ் சரியாய் வருமா என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. இதிலும் மும்பைக்குப் பங்குண்டு. ஜுஹுவில் எஸ். ரமணி இயக்குநராக இருந்து வளர்த்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பின்னாளில் சி-டாக்கோடு இணைந்தது. லினக்ஸின் திரையில் இந்திய எழுத்துகள் கொம்பும் காலும் பிசகாமல் தோன்றும்படி செய்த இண்டிக்ஸ் என்ற ஏற்பாடு அங்கே உருவானதுதான். இன்று தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் எல்லா முக்கிய லினக்ஸ் வகைகளிலும் கிடைக்கின்றன. கற்க விரும்புவோருக்குப் பவாயிலுள்ள ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் சுமார் பத்து நிமிஷப் பாடங்களைத் தமிழ்க் குரலிலேயே தருகிறது; 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழும் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறது.

இத்தனைக்குப் பிறகும் தயக்கமிருந்தால், எதையும் அழிக்காமல் சோதித்துப் பார்க்க வழியிருக்கிறது. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, கணினியைத் தொடங்கும்போது எஃப்12 அல்லது அந்த யந்திரத்துக்குரிய விசையை அழுத்தி அதிலிருந்தே விழிக்கச் செய்யலாம். டிஸ்கில் உள்ளது தொடப்படாமலேயே முழு இயங்குதளமும் திரையில் வந்து நிற்கும். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா, வீட்டிலுள்ள அச்சுப்பொறி ஒரு பக்கம் அச்சடிக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடவேண்டும். சில பழைய லேசர் அச்சுப்பொறிகள் லினக்ஸோடு ஒத்துழைப்பதில்லை. பென் டிரைவிலிருந்து இயங்கும்போது தெரியும் மந்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம். எல்லாம் இசைந்துவந்தால், பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புதிய எஸ்.எஸ்.டி.யில் அதைப் பதித்துக்கொள்ளலாம். கழற்றிய டிஸ்கைச் சில நூறு ரூபாய் விலையுள்ள யு.எஸ்.பி. உறைக்குள் போட்டு, குடும்பப் புகைப்படங்களும் பத்திரங்களும் புதிய இடத்துக்கு ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்தன என்று உறுதியாகும்வரை அப்படியே வைத்திருக்கவேண்டும்.